பொன்னின் மாற்றும் சொல்லின் மாற்றும்

திருமணத் திருப்பலியின்போது நம் முன் ஒரு தட்டு நீட்டப்படுகின்றது. அதில் சிலுவையோ புறாவோ பொறித்த தாலி இருக்கின்றது. நாம் அதை மந்திரித்து மணமகன் கையில் கொடுக்கின்றோம். அதற்கு முன் மணமக்களிடம் கேட்கவேண்டியவற்றைக் கேட்டுவிடுகின்றோம். முழுமனத்தோடு வந்தார்களா, இறுதிவரை பிரமாணிக்கமாய் இருப்பார்களா என்பதற்கு இருவரும் மக்கள் முன்னிலையில் விடை சொல்கின்றார்கள். தட்டில் இருக்கும் பொன்னிடம் மட்டும் எவரும் எதையும் கேட்பதில்லை. அது மின்னுகின்றது, நாமும் நம்பிவிடுகின்றோம்.

பொன்னுக்கு வாய் இல்லை. அதற்காகப் பேசுகின்றவர் விற்பவரே. அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். துணியைத் தடவிப் பார்க்கலாம். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். பொன்னையோ, சாதாரண மனிதர் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அதன் தரத்தை அறிந்துகொள்ள இயலாது. அப்படியானால், ஒருவர் அறிந்திருக்க மற்றவர் அறிய வழியின்றி நிற்கும் பேரத்தில் நீதி என்பது யாது? 'அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை' என்னும் மௌனம் பொய்யாகுமா, ஆகாதா? இக்கேள்வியை ஒரு தாயின் சங்கிலி நம் வாசலுக்குக் கொண்டுவந்தது. அதைச் சொல்வதற்கு முன், பொன்னின் தரம் என்றால் என்னவென்று சற்றே தெளிவு பெறுவோம்.

நம் முன்னோர் அதை 'மாற்று' என்றனர். குறையற்ற பொன்னைப் பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கின்றது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் அளித்த பொற்கலன்கள் 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லால் நிறுக்கப்பட்டதை அக்கோயிற் கல்வெட்டுகள் குறிக்கின்றன. கொடுத்தவன் மன்னன், பெற்றது கோயில். ஆயினும் எடைக்கல்லுக்கு விலக்கு அளிக்கப்படவில்லை. இது நாம் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி.

இன்று தரத்தைக் காரட் என்னும் அளவால் சொல்கின்றோம். கலப்பற்ற பொன் 24 காரட். 22 பங்கு பொன்னும், 2 பங்கு செம்பு, வெள்ளி போன்ற பிற உலோகமும் சேர்ந்தது 22 காரட். ஆயிரத்துக்கு 916 பங்கு பொன் என்பதால் அதனை 916 என்றும் சொல்கின்றோம். 18 காரட்டில் ஆயிரத்துக்கு 750 பங்கு பொன். 14 காரட்டில் 585. கலப்பற்ற பொன் மிகவும் மென்மையானது. எளிதில் வளையும், விரைவில் தேயும், பதித்த கல்லைப் பிடித்து நிறுத்தாது. ஆகவேதான் செம்பின் துணை வேண்டியிருக்கின்றது. பிரித்தானியரின் சவரன் நாணயமும் 22 காரட்டே. அதன் எடை 8 கிராமுக்குச் சற்றே குறைவு. அதிலிருந்தே நம் 8 கிராம் பவுன் வழக்குக்கு வந்தது.

எனவே கலப்பு குற்றமன்று. 14 காரட் நகையை 14 காரட் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்பவர் நேர்மையாளர். 21 காரட் நகையை 22 காரட் என்று விற்பவரே பிறர் பொருளைக் கவர்கின்றவர். பின்னவரின் நகையில் பொன் கூடுதலாகவே இருக்கின்றது. இருந்தும் அவரே குற்றவாளி. தரம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதன்று அறநெறியின் கேள்வி. சொல்லும் பொருளும் ஒத்திருக்கின்றனவா என்பதே.

இனி அந்தத் தாயின் கதைக்கு வருவோம். நாம் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் கூலி வேலை செய்து பிழைத்த கைம்பெண் அவர். மகளின் திருமணத்துக்கென்று பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து, 2014-இல் மூன்று பவுனில் ஒரு சங்கிலி வாங்கினார். 2019-இல் மகளின் குழந்தைக்கு நோய் வந்தது. மருத்துவச் செலவுக்குப் பணம் வேண்டி, அச்சங்கிலியை விற்பதற்குப் பக்கத்து நகரத்துக்கு எடுத்துச் சென்றார். அங்கிருந்த முதிய பொற்கொல்லர் அதை உரைகல்லில் தேய்த்தார். தரம் தெரிந்த பொன் ஆணியால் அருகிலேயே இன்னொரு கோடு இழுத்தார். இரண்டின் மீதும் திராவகம் தொட்டு வைத்துக் காத்திருந்தார். பின்பு, "இது இருபது காரட்தான் அம்மா" என்றார். உறுதிசெய்துகொள்ளப் பொறியில் வைத்துச் சோதித்தபோதும் அதே விடைதான் வந்தது.

கணக்கு எளியது. மூன்று பவுன் என்பது 24 கிராம். 22 காரட்டாக இருந்திருந்தால் அதில் 22 கிராம் கலப்பற்ற பொன் இருக்கவேண்டும். இருந்ததோ 20 கிராம். இரண்டு கிராம் பொன் இல்லை. செல்வர் வீட்டில் இரண்டு கிராம் ஒரு பொருட்டன்று. அந்தத் தாய்க்கோ அது பல மாத உழைப்பு. அதைவிட, மருத்துவமனையில் குழந்தை கிடந்த நாளில் கைக்கு வராமற்போன பணம்.

அவர் நம் அறைவாசலில் வந்து நின்று, "சாமி, கடைக்காரர் நம்ம கோவில்காரர். நீங்க ஒரு வார்த்தை கேட்டா சொல்லுவாரு" என்றார். இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று, வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. ஆதலால்தான் பெயரும் ஊரும் மறைத்து இங்கே எழுதுகின்றோம். "கேட்கின்றேன் அம்மா" என்று சொல்லி அனுப்பினோம். ஆனால் இரண்டு மாதங்கள் கேட்கவில்லை. முந்திய ஆண்டுத் திருவிழாவின் மின்விளக்குச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டவர் அந்தக் கடைக்காரர். தக்க நேரம் வாய்க்கவில்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். விற்பவரின் மௌனத்தைப் பற்றி எழுத வந்த நாம், முதலில் நம் மௌனத்தை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

அந்நாள்களில் ஓர் இரவு, குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது படித்த பகுதி ஒன்றை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ், தம் இறையியல் தொகுப்பில் விற்பனையில் நிகழும் வஞ்சகத்துக்கென்று தனியே ஒரு வினாவை ஒதுக்கியிருக்கின்றார். இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில் 77-ஆம் வினா அது. விற்கும் பொருளில் மூவகைக் குறைகள் நேரலாம் என்கின்றார்: பொருளின் இயல்பில் குறை, அளவில் குறை, தன்மையில் குறை. இவற்றை அறிந்தே விற்பவர் பாவம் செய்கின்றார். ஈடு செய்யவும் கடமைப்பட்டிருக்கின்றார்.

நகைக்கடையில் இம்மூன்றும் இன்றும் உள்ளன. இருபது காரட்டை இருபத்திரண்டு என்று விற்பது இயல்பில் குறை. பதித்த கல்லின் எடைக்கும் உள்ளே அடைத்த அரக்கின் எடைக்கும் பொன்னின் விலையை வாங்குவது அளவில் குறை. உறுதியற்ற பற்றவைப்பையும் கூடான உள்ளீட்டையும் சொல்லாமல் மறைப்பது தன்மையில் குறை. கேடிஎம் என்னும் சொல்லையும் இங்கே நினைக்கலாம். அது காட்மியம் சேர்த்துப் பற்றவைத்த நகைக்கு வந்த பெயர், தரத்தின் முத்திரையன்று. காட்மியத்தின் ஆவி பட்டறைத் தொழிலாளரின் நுரையீரலைக் கெடுப்பது. ஆயினும் பல்லாண்டுகள் நம் மக்கள் அதைத் தூய்மையின் சான்று என்றே நம்பி வாங்கினார்கள். அந்நம்பிக்கையைத் திருத்தியவர் சிலரே.

அப்புனிதர் இரண்டு நுட்பங்களையும் சேர்த்துச் சொல்கின்றார். ஒன்று: குறையை அறியாமல் விற்றவர் பாவம் செய்தவர் ஆகார்; ஆனால் அறிய வந்தபின் ஈடு செய்ய வேண்டும். மற்றொன்று: நீதி வாங்குபவரையும் கட்டுப்படுத்தும். விற்பவர் பொன்னைப் பித்தளை என்று தவறாக எண்ணி விற்க, உண்மையை அறிந்தே ஒருவர் அதை வாங்கினால், அவரும் அநீதியாய் வாங்கியவரே. அவரும் ஈடு செய்ய வேண்டியவரே. அறிந்தவரின் மௌனம் அறியாதவரைச் சுரண்டும்போது, தராசின் எந்தப் பக்கம் நின்றாலும் குற்றம் ஒன்றுதான்.

மறுநாள் கடைக்காரரைத் தேடிச் சென்றோம். அவர் கொடியவர் அல்லர். "சாமி, நான் செஞ்ச நகையா அது? மொத்த வியாபாரி கொடுத்ததை நான் வித்தேன். அவன் என்னை ஏமாத்தியிருந்தா நான் என்ன செய்வேன்?" என்றார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். பின்பு தாழ்ந்த குரலில், "வர்ற திருவிழாவுக்குள்ள நம்ம கொடிமரத்துக்குப் பித்தளைக் கவசம் போட்டுத் தர்றேன் சாமி" என்றார். அந்தக் கணத்தில் கவசமிட்ட கொடிமரத்தை மனக்கண்ணில் கண்டு மகிழ்ந்தோம் என்பதையும் மறைக்கமாட்டோம். அடுத்த கணமே வெட்கம் வந்தது. ஒரு கைம்பெண்ணுக்குரிய பொன்னை ஆண்டவரின் முற்றத்தில் பித்தளையாக நட முயல்கின்றோமே என்று நெஞ்சு சுட்டது. காணிக்கை கடனைத் தீர்க்காது. யாரிடமிருந்து எடுக்கப்பட்டதோ அவரிடமே அது திரும்பிச் செல்லவேண்டும். சக்கேயு தாம் ஏமாற்றியவருக்கே நான்கு மடங்காய்த் திருப்பித் தருவதாகச் சொன்னார். ஆலயத்துக்கு விளக்கு வாங்கித் தருவதாகச் சொல்லவில்லை.

"நீங்கள் அறியாமல் விற்றிருந்தால் நேற்றுவரை அது உங்கள் பாவமன்று, இன்று அறிந்துவிட்டீர்கள், இனி அது உங்கள் கடன்" என்று சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, 2014-ஆம் ஆண்டு விலைக்கு இரண்டு கிராமின் பணத்தைத் தருவதாகச் சொன்னார். விலை அதற்குள் வெகுவாக உயர்ந்திருந்தது. அங்கே இன்னொரு கேள்வி எழுந்தது: அந்தத் தாய் இழந்தது பணமா, பொன்னா? ரூபாயை அவர் கடையில் கொடுத்துவிட்டார், பெறவேண்டியது பொன். அன்றைய இரண்டு கிராம் இன்றும் இரண்டு கிராமே. எனவே இன்றைய விலையே நீதி என்றோம். ஒரு வாரம் கழித்து அவர் நேரில் சென்று முழுத்தொகையையும் கொடுத்தார். கொடிமரம் இன்றும் மரமாகவே நிற்கின்றது.

இது நகையின் தரம் பற்றியது. விலையைப் பற்றியும் சில சொல்லவேண்டும். பொன்விலை நாள்தோறும் மாறுவது. கணக்கு எளிதாவதற்காக 22 காரட் பொன் கிராமுக்கு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுனின் பொன் மதிப்பு 80,000. சேதாரம் 12 விழுக்காடு என்றால் 9,600. செய்கூலி 1,400. மொத்தம் 91,000. இதன்மீது சரக்கு மற்றும் சேவை வரி 3 விழுக்காடு, அதாவது 2,730. ஆக 93,730 ரூபாய். மறுநாளே அதை விற்கச் சென்றால், தரம் முழுமையாய் இருந்தாலும், கைக்கு வருவது பெரும்பாலும் பொன்னின் மதிப்பே. அதிலும் சில கடைகள் கழிவு செய்யும். 13,730 ரூபாய் கடை வாசலிலேயே கழிந்துவிட்டது. நகையைச் சேமிப்பு என்று எண்ணி வாங்கும் எளியவர் அறியவேண்டிய முதற்கணக்கு இதுவே.

சேதாரம் என்பதன் பொருள் யாது? உருக்கும்போதும் அராவும்போதும் பொடியாய்ச் சிதறும் பொன்னின் இழப்பே சேதாரம். கையால் செய்த காலத்தில் அந்த இழப்பு மெய்யானது. பட்டறைக் குப்பையையும் விலைக்கு வாங்கி, அலசிப் பொன் எடுப்போர் உண்டென்பதால், அதிலும் பெரும்பகுதி மீட்கப்பட்டது. இன்று பல நகைகளைப் பொறிகள் செய்கின்றன. ஆயினும் சேதாரம் என்னும் பெயர் நீடிக்கின்றது. வணிகருக்கு வாடகை உண்டு, ஊழியர் சம்பளம் உண்டு, நியாயமான ஊதியமும் உண்டு. அவற்றை நாம் மறுக்கவில்லை. ஊதியத்தை ஊதியம் என்று சொல்லி வாங்குவது நேர்மை. சிதறாத பொன்னுக்குச் சேதம் என்று பெயரிட்டு வாங்குவது, சட்டம் அனுமதித்தாலும், சொல்லின் மாற்றைக் குறைக்கின்றது. மேலும், பேரம் பேசத் தெரிந்தவருக்குச் சேதாரம் குறைகின்றது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூசி நுழைகின்றவருக்கு அது முழுமையாய் விழுகின்றது. ஒரே நகைக்கு ஏழை கூடுதல் விலை கொடுக்கின்றார். மரக்காலைச் சிறிதாக்கி எளியவரை வஞ்சித்தோரைக் கடிந்துரைத்த ஆமோஸ் இறைவாக்கினர் இன்று நம் கடைத்தெருவில் நடந்தால், விலைச்சீட்டைத்தான் முதலில் கேட்பார் என்று தோன்றுகின்றது.

அரசும் இதில் வாளாவிருக்கவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-ஆம் ஆண்டில் பொன் நகைக்கு ஹால்மார்க் முத்திரையைத் தொடங்கியது. அப்போது அது விருப்பத்தைப் பொறுத்தது. 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் கட்டாயமாக்கப்பட்டு, பின்னர் மேலும் பல மாவட்டங்களுக்கு விரிந்தது. அமைவனத்தின் சின்னம், 22 காரட் 916 என்பது போன்ற தரக்குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளம் ஆகிய மூன்றும் நகையில் இருக்கவேண்டும். ஆறு இலக்க அடையாளமின்றி ஹால்மார்க் நகையை விற்பதற்கு 2023 ஏப்ரல் 1 முதல் தடை உள்ளது. அவ்வடையாளத்தை பிஐஎஸ் கேர் என்னும் கைப்பேசிச் செயலியில் இட்டு எவரும் சரிபார்க்கலாம். முத்திரையிட்ட நகையில் தரம் குறைந்திருந்தால், குறைவுக்குரிய தொகையைப்போல் இருமடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குத் தரவேண்டும் என்பது விதி. சோதனையில் மிகத் துல்லியமானது பழைய நெருப்பே. சுரண்டியெடுத்த சிறு துணுக்கோடு வெள்ளி சேர்த்து, ஈயத்தில் பொதிந்து, உலையில் இட்டால், ஈயமும் செம்பும் சிறுகிண்ணத்துக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். எஞ்சிய மணியிலிருந்து வெள்ளியைத் திராவகத்தால் பிரித்தால் பொன் மட்டும் நிற்கும். விவிலியம் துன்பத்தை உலைக்கு ஒப்பிடுவதன் ஆழம், இம்முறையை அறிந்தபின்னரே நமக்கு விளங்கியது. உலை பொன்னை உண்டாக்குவதில்லை. முன்னமே இருந்தது எவ்வளவு என்பதைக் காட்டுகின்றது.

ஆயினும் சட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு இம்முத்திரை கட்டாயமில்லை. செல்வரின் ஆரத்துக்கு முத்திரை உண்டு. ஏழைச் சிறுமியின் கம்மலுக்கும் மூக்குத்திக்கும் பெரும்பாலும் இல்லை. குண்டுமணிப் பொன்னாவது பிள்ளையின் காதில் இருக்கட்டும் என்று வாங்குகின்றவருக்கு இன்றும் கிடைக்கும் ஒரே உறுதி, கடைக்காரரின் வாய்ச்சொல்தான்.

வாங்குவோரும் தம்மை உரைத்துப் பார்க்கவேண்டும். 'சீட்டு வேண்டாம், வரியைக் கழித்துக்கொள்ளுங்கள்' என்று கேட்கின்றவர், தாம் ஏமாற்றப்படும்போது நீதி கேட்கும் சான்றைத் தாமே கிழித்துப் போடுகின்றார், பொதுநலனுக்குரியதையும் மறுக்கின்றார். மணமகள் எத்தனை பவுனோடு வருகின்றாள் என்று நிறுத்துப் பார்க்கும் குடும்பங்களும் இக்குற்றத்தில் பங்காளிகளே. இத்தனை பவுன் என்னும் எண்ணிக்கைக்கு அஞ்சியே எத்தனையோ தந்தையர் தரம் கேட்காமல் மலிந்த கடையைத் தேடுகின்றார்கள். இப்போது நாம் திருமணத் தயாரிப்பு வகுப்பில் அரைமணி நேரத்தை இதற்கென ஒதுக்கியிருக்கின்றோம். முத்திரையைப் பார்க்கவும், கல்லின் எடையைக் கழித்த பொன்னின் எடை சீட்டில் தனியே எழுதப்பட்டுள்ளதா என்று கேட்கவும் சொல்லித் தருகின்றோம். இது குருவின் வேலையா என்று சிலர் வியந்தனர். பொய் எடைக்கல்லைக் கண்டிப்பது இறைவாக்கினரின் வேலையாய் இருந்ததென்றால், மெய்யான எடையைக் கேட்கக் கற்றுக்கொடுப்பதும் நம் வேலையே.

இவ்விதழைப் படிப்போருள் வணிகரும் பலர் இருப்பீர்கள். உங்கள் கடையில் உள்ள பொன்னின் மாற்றை அறிய உரைகல் உண்டு, பொறி உண்டு, உலை உண்டு. உங்கள் சொல்லின் மாற்றை உரைக்கும் கல் உங்கள் மனச்சான்றைத் தவிர வேறில்லை.

சென்ற ஆண்டு அந்தத் தாய் நம்மைக் காண வந்திருந்தார். நோயிலிருந்து தேறிய அந்தப் பேத்திக்குப் புதுநன்மை. அதற்கென ஒரு சோடிக் கம்மல் வாங்கி, மந்திரித்துத் தரும்படி கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். ஒரு கிராமுக்குச் சற்று அதிகம் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒளியருகே திருப்பித் திருப்பிப் பார்த்தோம். முத்திரை ஏதும் தென்படவில்லை.

"என்ன தரம் அம்மா?" என்று கேட்டோம்.

"இருபத்திரண்டுதான் சாமி. கடைக்காரர் சொன்னாரு" என்றார்.

நாம் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சொல் மெய்யாயிருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு கம்மலை மந்திரித்துக் கொடுத்தோம்.